பானெட்டுக்குள் தெரிந்த தரை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா வீட்டிலிருந்து காலையில்தான் திரும்பினேன். பையை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம் என்று வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினால் ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி போயிருக்கும் என்று இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். உள்ளே தரை தெரிகிறது. சிமெண்டுத் தரை. அதில் எண்ணெய்க் கறை, பக்கத்தில் ஒரு கரப்பான்பூச்சி. இன்ஜின் இல்லை!

திருடு போய்விட்டது என்றுதான் கத்தினேன். ஷெட்டிலிருந்து இவர் வந்தார். பின்னாலேயே கொழுந்தன். கையில் ஸ்பேனர் இல்லாமல் அவனைப் பார்த்ததே இல்லை, அதனால் அவனுக்கு நான் வைத்த பெயரும் ஸ்பேனர்தான். இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் கறுப்பு. இவர் பல்லைக் காட்டுகிறார்.

"கோவப்படாத. நல்ல விஷயம்தான். உள்ள வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்பு ஃபைபர் கூடு. ஸ்போர்ட்ஸ் காராம். யாரோ பாதி கட்டிவிட்டுப் போதும் என்று விட்டதை இவர்கள் வாங்கி வந்திருக்கிறார்கள். பாதியில் விட்டவன் புத்திசாலி. அதன் சீட்டுக்குப் பின்னால், சங்கிலியில் தொங்கிக்கொண்டு, என் வண்டியின் இன்ஜின்.

கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையா? அது என் சம்பளத்தில் வாங்கியது. என் பெயரில் இருக்கிறது. நான் ஊரில் இல்லாத மூன்று நாளில் வயிற்றைக் கிழித்துப் பிடுங்கியிருக்கிறார்கள். "பழைய இன்ஜின்தானே, உனக்கு ரெண்டு வாரத்துல வேற ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்கிறார். பழையது உங்களுக்கு எதற்கு என்றால் சங்கிலியை இழுத்துப் பார்க்கிறார்.

சீ.

மார்ச் 5, வியாழன்

பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு போனேன். என் வேலை என்னவென்று இந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். அவர்கள் வெறும் வயிற்றில் காத்திருப்பார்கள். எடுத்ததைச் சூடேறாமல் லேபில் சேர்க்க வேண்டும். இன்று இரண்டாவது பஸ் வரவே இல்லை. மாடி வீட்டுச் சர்க்கரை ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி.

"மன்னிச்சிடும்மா. நீ வரமாட்டேன்னு நெனச்சு ஒரு டீ குடிச்சிட்டேன்."

"சர்க்கரை போட்டா ஐயா?"

"போடாத டீ எல்லாம் ஒரு டீயா?"

சிரிப்பு வந்தது. லேபில் மேடம் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்க வீடுகள வேற ஆளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுவேன். அவங்களுக்கு வண்டி இருக்கு" என்றார். எனக்கும் இருந்தது மேடம், போன வாரம் வரைக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

என் பெரிய பாத்திரத்தில் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் கலக்கியிருக்கிறார்கள். அது கல்லாக இறுகி, கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டு நிற்கிறது. பாத்திரம் தேய்க்கும் நாரில் கிரீஸ். துண்டில் கிரீஸ். சோப்பு முழுக்கக் கறுப்பு விரல் தடம். வீடெல்லாம் அந்த ரெசின் நாற்றம், சோற்றில் கை வைத்தால்கூட அதுதான் வருகிறது. கேட்டால், "ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவா?"

பாத்திரத்துக்கு இல்லை ஐயா.

மார்ச் 15, ஞாயிறு

இன்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். ஸ்பேனர் வெல்டிங் பிடிக்கிறான், இவர் குழாயைப் பிடிக்கிறார், உள்ளே உட்கார ஆள் இல்லை.

"அண்ணி, அஞ்சு நிமிஷம். சும்மா உக்காருங்க, போதும்."

அந்தக் கூட்டுக்குள் ஒரு பலகை. அதில் கால் நீட்டிப் படுத்த மாதிரி உட்கார வேண்டுமாம். முதுகுக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டான். ஸ்டீயரிங்கை என் கைக்கு நேராக நிறுத்திக் கோடு. பெடல்களை என் பாதத்துக்கு அடியில் வைத்துக் கோடு. "காலை அசைக்காத, அசைக்காத" என்று இவர் வேறு.

"நானா ஓட்டப்போறேன்? உங்க அளவுல வையுங்களேன்" என்றேன்.

"இப்போதைக்கு இருக்கட்டும். அப்புறம் எனக்கு மாத்திக்கலாம்."

ஐந்து நிமிஷம் என்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் விட்டார்கள். இடுப்பு போயிற்று. சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் என் வண்டி திரும்பக் கிடைக்கும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். செருப்புக் கடை வைத்திருப்பவர், நாள் முழுக்க ஊரார் பாதத்தை அளப்பவர், தன் வண்டிக்குப் பெண்டாட்டி பாதத்தை அளந்துகொண்டிருக்கிறார். இந்த லட்சணத்தில்தான் வேலை நடக்கிறது.

மார்ச் 18, புதன்

இரண்டு வாரம் என்றார். போயிற்று. நினைவூட்டினேன். "நச்சரிக்காத" என்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

அடுப்படியில் இருந்தேன். ஷெட்டில் இன்ஜின் எழுந்தது.

பார்க்காமலே தெரிந்துவிட்டது. முதலில் ஒரு சின்ன இருமல், அப்புறம்தான் சீராகும். பதினோரு வருஷமாக அப்படித்தான். அப்பாவுக்கு அந்த இருமல் ரொம்பப் பிடிக்கும். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதுகூட, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "எழுந்துட்டாளா?" என்று கேட்டார். எழுந்துட்டாப்பா என்றேன். திரும்பி வரும்போது வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கை ஈரத்தோடு ஷெட்டுக்கு ஓடினேன். வாசல் வரைதான். உள்ளே இவர் ஃபோனில், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்துச் செயலாளரிடம்:

"சாதாரண இன்ஜின் எல்லாம் இல்ல சார். ரேஸ் இன்ஜின். கப்பல்ல வந்தது. ஸ்பெஷலா சொல்லி வரவழைச்சது."

கப்பலிலா? எந்தக் கப்பல் அய்யா? எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்ற கப்பலா?

ஃபோனை வைக்கட்டும் என்று நின்றேன். வைத்தார், என்னைப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது.

"எதுக்குப் பொய்?"

"வீட்டு கார் இன்ஜின்னு சொன்னா சிரிப்பாங்கம்மா."

"பதினோரு வருஷம் உங்க கடை செருப்புப் பெட்டிய எல்லாம் அதான் சுமந்துது. அப்ப யாரும் சிரிக்கல."

துணியால் கையைத் துடைத்தார். என் துண்டால்!

இன்ஜினை எடுத்தபோது கோபம்தான் வந்தது. இன்று வந்தது வேறு. இவர் கை பட்ட தம்ளரில் தண்ணீர் குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டது மட்டும் இல்லை, வெட்கப்படவும் செய்கிறார். கேட்காமல் எடுத்ததற்கு இல்லை — அது வீட்டு இன்ஜின் என்பதற்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ வெளிநாட்டு காரின் வெள்ளிச் சின்னம் வாங்கிவந்து பின்னால் ஒட்டியிருக்கிறார். இன்ஜினுக்கு மேல் மூடி, மூடிக்குப் பூட்டு. பூட்டு!

ஏப்ரல் 12, ஞாயிறு

ஸ்பேனர் தனியாக இருந்தபோது கேட்டேன், வீட்டு இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காருக்குக் காணுமா என்று. அவன் மூஞ்சி மலர்ந்துவிட்டது.

"அண்ணி, நம்ம பழைய வண்டிக்கு எவ்வளவு இரும்பு, எத்தன கதவு, எவ்வளவு சீட்டு. இதுல அதெல்லாம் கிடையாது. பாதி எடைகூட வராது. இழுக்கிற ஆள் அதே ஆள்தான், மூட்டை மட்டும் பாதி. பறக்கும் பாருங்க."

"அப்புறம் எதுக்குக் கப்பல் கதை?"

"அது அண்ணன் வேலை. என்ன இழுக்காதீங்க" என்று காருக்கு அடியில் புகுந்துகொண்டான். நல்ல அண்ணன், நல்ல தம்பி.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆய்வு முடிந்து எண் பலகை வந்துவிட்டது. அந்தச் சோதனைக்கும் ஓட்டிப் போனது ஸ்பேனர்தான். அவன் ஒல்லிக்குச்சி. இவருக்குக் கடையில் பள்ளிக்கூட ஷூ வியாபாரம், நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் முன்னால்தான் முதல் ஓட்டம் ஓட்டுவாராம். புதுச் சட்டை எடுத்திருக்கிறார். ஷூவும் புதுசு, கடையிலேயே விலை கூடினது.

ஒரு தடவை உட்கார்ந்தாவது பார்த்தீர்களா என்று கேட்க நினைத்தேன். எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

என் பழைய வண்டி வாசலில் பல் போன வாய் மாதிரி நிற்கிறது. லேபில் மேடம் இரண்டு வீட்டை ஏற்கெனவே மாற்றிவிட்டார். சர்க்கரை ஐயா மட்டும், "அந்தப் பொண்ணுதான் வரணும், இல்லன்னா ஊசியே வேணாம்" என்று அடம் பிடித்திருக்கிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பெரிய காலி மைதானம், சிமெண்டுத் தளம். சங்கத்தார் பத்திருபது பேர், ஆளுக்கொரு பளபளப்பு வண்டி. வளைந்து வளைந்து ஓட்ட ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார்கள். இவர் கப்பல் கதையை ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டு ஏறப் போனார்.

ஏற முடியவில்லை. ஒரு காலை விட்டார், அடுத்த காலுக்கு இடமில்லை. முதுகைக் காட்டித் திரும்பி உள்ளே இறங்கப் பார்த்தார். ஸ்பேனர் தோளைப் பிடித்து அமுக்கினான். ஒரு வழியாகப் போய் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் வயிற்றில் அழுந்துகிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினார். இருமல், அப்புறம் சீர்.

காலை வைத்தார். அந்தப் பாதம் அகலப் பாதம், அதற்கு மேல் புது ஷூ. பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மிதிபடுகிறது. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பயந்துபோய்க் காலை எடுக்கிறேன் பேர்வழி என்று பிரேக்கை மட்டும் விட்டார் போலிருக்கிறது. வண்டி தவளை மாதிரி துள்ளி, கூம்புகளை எல்லாம் சரித்துக்கொண்டு போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷூவைக் கழற்றிப் பார்த்தார். சாக்ஸையும் கழற்றினார். வெறுங்காலிலும் அதேதான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஸ்பேனர் என் பக்கம் வந்து ரகசியமாக, "அண்ணி… அன்னைக்கு உங்க அளவுல போட்ட கோட்டுலயே வெல்ட் பண்ணிட்டேன். அண்ணன் அப்புறம் மாத்தச் சொல்லவே இல்ல."

நான் சிரிக்கவில்லை. நேரே போனேன்.

"இறங்குங்க. என் வண்டி."

உட்கார்ந்தேன். முதுகு போய்ப் பதிந்தது. கை ஸ்டீயரிங்கில் நின்றது. பாதத்துக்கு அடியில் பெடல்.

அதை எப்படி எழுதுவது! பதினோரு வருஷம் ஐஸ் பெட்டியும் செருப்பு மூட்டையுமாக மேட்டில் ஏற முக்கி முனகிய அதே இன்ஜின். காலை வைத்ததும் முதுகில் யாரோ கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி பாய்ந்தது. தரை ஒரு சாண் கீழே ஓடுகிறது. கூம்புக்குக் கூம்பு திருப்பினால் நினைத்த இடத்தில் போய் நிற்கிறது. வாய் விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன். அப்பா, எழுந்துட்டாப்பா — அதைச் சத்தமாகவே சொன்னேன். இரண்டு சுற்று. மூன்றாவது யாரும் கேட்கவில்லை, நானாகவே போனேன்.

நிறுத்தியதும் செயலாளர் ஓடிவந்தார். "அம்மா, என்ன இன்ஜின்மா இது!"

இவர் ஒரு கையில் ஷூவோடு, வெறுங்காலில், "அதான் சார் சொன்னேனே, கப்பல்ல…" என்கிறார். அப்போதும்! நான் கை நீட்டினேன். பூட்டுச் சாவியை இவர் கொடுக்கவில்லை. ஸ்பேனர் கொடுத்தான். மூடியைத் திறந்தேன். எண்ணெய் ஊற்றும் வாய்க்கு, பழைய மூடி தொலைந்தபோது நான் வாங்கி மாட்டிய மஞ்சள் மூடி அப்படியே இருந்தது.

"எங்க வீட்டு கார் இன்ஜின்ங்க. நான் தினமும் வேலைக்குப் போன வண்டி. கப்பலும் இல்ல, தோணியும் இல்ல."

"அட, என் மாமியார் வண்டில இருக்கிறது இதுதானே!" என்றார் ஒருவர். "இத வெச்சா இந்த ஓட்டம்?" என்றார் இன்னொருவர். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இன்ஜினைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தது கப்பலைப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு நான் ஓட்டிவந்தேன். இவர் ஸ்பேனர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாவமாக இருந்ததா என்றால், இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி அளவெடுத்ததுபோல் உட்காருகிறது. யாரையும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மே 11, திங்கள்

மெதுவாக ஆரம்பிக்கிறார், பெடலை மட்டும் கொஞ்சம் அகட்டலாமா என்று. ஸ்பேனரே கையை விரித்துவிட்டான், சட்டம் முழுக்க வெட்டிப் புதிதாகக் கட்ட வேண்டுமாம். "யாராவது அதுல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

"நான் கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன்" என்றார், சுவரைப் பார்த்து. மன்னிப்பாம். சுவர் மன்னித்திருக்கலாம். எனக்கு இன்னும் அந்த ரெசின் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை.

மே 23, சனி

புதுப் பாத்திரம் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் மேடையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு அளவு பெரிது.

ஜூன் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பஸ் இல்லை. இவர் குடையோடு வாசலில் நின்று, "கடை வரைக்கும் விட்டுடறியா?" என்று கேட்டார். கேட்டார். அதற்காகவே ஏற்றினேன். ஒரு பக்கமாக நுழைந்து, முழங்காலை மடக்கி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் அந்த வெள்ளிச் சின்னம் இல்லை. எப்போது பிய்த்தாரோ, பசைத் தழும்பு மட்டும் இருக்கிறது.

சிக்னலில் பக்கத்தில் ஒரு பால் வேன். டிரைவர் கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார்.

"சார், வண்டி அட்டகாசமா இருக்கு. என்ன இன்ஜின் சார்?"

நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைப்பர் போய் வந்தது. இவர் தொண்டையைச் செருமினார்.

"இவங்க வண்டி இன்ஜின். வீட்டு கார்தான். பதினோரு வருஷம் ஓட்டினாங்க." மடியைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கேக்காம எடுத்துட்டேன்" என்றார்.

வேன் டிரைவருக்குக் கடைசி வரி புரிந்திருக்காது. பச்சை விழுந்தது. கடைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, நேரே போனேன். சர்க்கரை ஐயா வீட்டுக்கு முதலில் போய்விட்டால் டீ குடிப்பதற்குள் பிடித்துவிடலாம். இவர் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.