மூச்சு வாங்கும் கிணறு

மல்லாவி
புரட்டாதி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கௌசலாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் பசுவும் கன்றும் சுகம், கிணறு ஒன்றுக்குத்தான் சுகமில்லை. ஞாயிறு தவறாமல் போனில் கதைக்கிற மனுசன் கடிதம் எழுதுகிறாரே என்று சிரிப்பாய். போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார், இது அவர் கேட்கக் கூடாத கதை. இராசமலர் மாமி மகனைப் பார்க்க டென்மார்க் வருகிறா, அவவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ பங்கு போட்ட வெளிநாட்டுக் கம்பனியின் பப்பாளித் தோட்டம் எங்கள் வேலிக்கு அப்பால் பச்சைப்பசேலென்று நிற்கிறது. காய் ஒவ்வொன்றும் பிள்ளையாரின் வண்டி வயிறு மாதிரி. ஊர்ப் பெடியளுக்கு வேலை, அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் உன் இலாபப் பங்கு. பிள்ளையின் வேர்வை என்று அம்மா அதில் ஒரு சேலைகூட வாங்காமல் சேர்த்து வைக்கிறார்.

சித்திரை வெயிலோடு கிணறு இறங்கத் தொடங்கியது. அது வழமைதானே என்று விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கிணற்றுக்கட்டில் கற்பூரம் கொளுத்தினார். காற்றே இல்லை, வாழையிலை அசையவில்லை, ஆனால் சுடர் மட்டும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலச் சாய்ந்து நின்றது. எடுத்து மற்றப் பக்கம் வைத்தேன், அங்கிருந்தும் உள்ளேதான் சாய்ந்தது. குனிந்து காது கொடுத்தால் அடிக்கல்லுக்குள் ஒரு மூச்சு. இழுக்கிற மூச்சு மட்டும்தான், விடுகிற மூச்சு இல்லை. நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அம்மா பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். கடைசிச் சண்டையில் காணாமல் போன உன் அண்ணன் விதுசனுக்குச் சின்ன வயதில் தொய்வு, மூச்சிழுப்பு இருந்தது உனக்கு நினைவிருக்கும், இழுக்கும்போது இதே சத்தம்தான் வரும். "இஞ்சேருங்கோ, வந்திட்டான், என்ர பிள்ளைக்கு இழுக்குது" என்றார். அன்று தொடக்கம் கதிரையைக் கிணற்றடியில் போட்டுக்கொண்டு அவனோடு கதைக்கிறார், மல்லித்தண்ணி வைத்துக் கொஞ்சம் உள்ளே ஊற்றுகிறார். பௌர்ணமிப் போயா நாளில் சத்தம் வராது. அன்றைக்குச் சோறு தொடாமல் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு "மூச்செடு ராசா, மூச்செடு" என்று கெஞ்சுவார்.

போயாவுக்குத் தோட்டமும் லீவு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர்களுடைய குழாய்க்கிணற்று மோட்டர் அடியில் தண்ணீரை இழுக்க, அது போகிற வழியே கல்வெடிப்புக்குள்ளால் காற்றும் இழுபடுகிறது. மனேஜர் நிரோஜனிடம் போனேன். நல்ல பெடியன், தேத்தண்ணி தந்து கம்பனியின் சூழல் கணக்கு என்று ஒரு வழுவழுப்பான புத்தகத்தையும் விரித்தான். நட்ட மரம், மிச்சம் பிடித்த பிளாஸ்டிக், தேனீப்பெட்டி எல்லாம் இருந்தது. "எங்கட தண்ணி எந்தப் பக்கத்தில தம்பி?" என்று கேட்டேன். "நிலத்துக்குக் கீழ இருக்கிறதுக்கு விலை இல்லை ஐயா, அதால கணக்கில வராது" என்றான். கையோடு, எங்கள் வடக்குக் காணியைக் குத்தகைக்குத் தந்தால் இன்னொரு குழாய்க்கிணறு அடிக்கலாம், மகளின் பங்கும் கூடும் என்றான்.

நீயும் போன கிழமை போனில் அம்மாவிடம் அதைத்தான் சொன்னாய். உன்னில் குறையில்லை பிள்ளை, உழைத்த காசு ஊருக்கு உதவட்டும் என்றுதானே போட்டாய். ஆனால் அம்மா பொத்திப் பொத்திச் சேர்க்கிற அந்தக் காசு எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான், பப்பாளியாய்க் கப்பலேறிப் போய்க் காசாய்த் திரும்பி வருகிறது. அது முடிந்தால் எதைக் குடிப்பது? வங்கிப் புத்தகத்தில் இருப்பதை வாளியில் அள்ள முடியாது.

மோட்டர் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது எனக்குத் தெரியும். எப்பிடியோ அவன்ர மூச்சு வருதெல்லோ. இன்னொண்டும் பூட்டட்டும், போயாவிலயும் ஓடட்டும்" என்கிறார். காணி அவருடைய சீதனக் காணி, அவர் கையெழுத்து வைத்துவிட்டார். சட்டப்படி என் கையெழுத்தும் வேண்டுமாம், பத்திரம் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

நான் சொல்லி அவர் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். வருகிற ஞாயிறு போன் எடுத்துக் குத்தகை வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, உன் பங்கையும் கழற்றிக்கொள். பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, மருமகனை இரவு வேலைக்கு அதிகம் விடாதே. அம்மன் உங்களைக் காப்பாள்.

ஒன்றை மறந்துவிடாதே, சுணங்காமல் போன் எடு. நேற்றுப் போயா. அம்மா குசினியில் அடுப்போடு நின்ற நேரம் கிணற்றடிக்குப் போனேன், சத்தமே இல்லை. நான் குனிந்து விதுசன் என்று கூப்பிட்டுவிட்டேன் பிள்ளை. இப்போது பேனை என் கையில்தான் இருக்கிறது, அந்தப் பத்திரமும் எட்டுகிற தூரத்தில்தான்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
க. தவராசா