அந்த வாலட் யாருடையது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். எதையும் எழுத்தில் வைக்காதீர்கள் என்று நம் கம்பெனி வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். போனை எடுக்காதவனுக்கு மெயில் எழுதாமல் வேறு என்ன செய்வது?

ஆபீஸ் ஆபீஸாக இல்லை. வாடிக்கையாளர் பிரிவுப் பெண்கள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அது கத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது, ரிமோட்டை எங்கே வைத்தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறேன். இந்தக் கடிதத்தையே மூன்று இடங்களில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் நம் எக்ஸ்சேஞ்சுக்கு முதலாளி நீ. எந்தப் புதுக் காயினை விற்பனைக்குச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்குத் தலைவி நான். அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டால் கேட்க யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் நீ காயின் வைத்திருக்கும் சொந்த வாலட்டின் முகவரியை ஊரறியப் போட்டாய். 'என் பெட்டி தெறந்தே கெடக்கு, யார் வேணும்னாலும் எட்டிப் பாருங்க' என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. போன மாதம் சேர்த்த காயினில் உனக்கு ஒரு காசுகூட இல்லை என்று நேரலையில் சொன்னாய். உறுப்பினர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் வாங்கினார்கள். நானும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆந்தை கேட்டிருக்கிறார். நம் உறுப்பினர்களின் ஆன்லைன் குழுவில் அந்தப் பெயரில் இருப்பவர், உன்னை யாராவது ஒரு சொல் சொன்னால் மல்லுக்கு நிற்பாரே, அவரேதான். புதிதாகத் திறந்த ஒரு வாலட், நாம் அறிவிப்பதற்கு முன்பே அந்தக் காயினை அள்ளி வாங்கியிருக்கிறது. விலை ஏறியதும் மொத்தத்தையும் விற்றிருக்கிறது. அதன் பிறகு விலை படுத்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த வாலட்டுக்குள் முதன்முதலாக வந்தது, பரிமாற்றக் கட்டணத்துக்கான சில்லறை. அது நீ திறந்து வைத்த பெட்டியிலிருந்தே வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் பிழைக்கிறவன் செய்கிற தப்பா இது? ஒருமுறை பதிவானால் யாராலும் அழிக்க முடியாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன், அவசரத்தில் கைக்கு எட்டிய பெட்டியில் கைவிட்டிருக்கிறாய்.

எழுதிய பிறகுதான் தெரிகிறது, நீ செய்ததைவிட மாட்டிக்கொண்டதற்குத்தான் அதிகமாகத் திட்டியிருக்கிறேன். கூடப் பிறந்த புத்தி போகுமா?

அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள், தெரியுமா? உன்னைத் திட்டுகிற ஒவ்வொருவருக்கும் கும்பிடுகிற கை படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். 'என் புள்ள அப்படிச் செய்யமாட்டான்' என்று எழுதப் போனவளிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். உன் அத்தான் செருப்பு ஸ்டாண்டைக் கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். அவருடைய நண்பர்கள் உன் முகத்துக்காக அந்தக் காயினை வாங்கியவர்கள்.

இன்று காலை நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். 'அக்கா, அந்த வாலட் உன்னோடதுன்னு சொல்லிடு. விதி தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா ஜனங்க உன்னை மன்னிச்சிடுவாங்க. நான்னு தெரிஞ்சா கம்பெனியே போயிடும்.'

எனக்கா விதி தெரியாது? சேர்க்கப்போகிற காயினை நாமோ நம் குடும்பமோ தொடக்கூடாது என்ற விதியை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியதே நாம் இருவரும்தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பழியைக் காவல்காரி தலையில் போடு என்கிறாய். ஆத்திரமாக வந்தது. ஆனால் சம்மதித்துவிடலாமா என்றும் யோசித்தேன், அதை மறைக்கவில்லை. உன்னை நம்பி வேலைக்கு வந்த பிள்ளைகள் முகமெல்லாம் வந்து போயிற்று. பிறகு ஆந்தையின் கேள்வியைத் திரும்பவும் படித்தேன். 'அக்கா, நீங்க சொன்னா நான் நம்புறேன்' என்று முடித்திருந்தார். முகம் தெரியாத எத்தனையோ பேர் என்னை அக்கா என்கிறார்கள். நீ ஒருவன்தான் அப்படிக் கூப்பிட்டுவிட்டுப் பொய் சொல்லச் சொல்கிறாய்.

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை என்று நீ வாதாடுவாய். இல்லாமலே போகட்டும். அவர்கள் சட்டத்தைப் பார்த்துப் பணம் போடவில்லை, உன்னைப் பார்த்துப் போட்டார்கள்.

நாளை சாயங்காலம் வாராந்திரக் கேள்வி நேரம். நான் உட்காரப்போகிறேன். முதல் கேள்வி என்ன என்று உனக்கே தெரியும். அந்த வாலட் என்னுடையது இல்லை என்று சொல்வேன். அப்படியானால் யாருடையது என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் நீ வந்துவிடு. எந்த ஊரில் இருந்தாலும் நேரலையில் இணைந்து, உன் வாயால் சொல். வந்த லாபத்தை என்ன செய்வது, நாற்காலியை யாருக்குக் கொடுப்பது எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். திட்டுவார்கள், கேட்டுக்கொள். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் வணக்கம், நலம் விசாரிப்பு, அந்த அறிவிப்பு, இந்த அறிவிப்பு என்று என்னால் முடிந்தவரை இழுப்பேன். அதற்குள் வந்துவிடு, கண்ணா. என் தம்பியை என் வாயாலேயே காட்டிக்கொடுக்க வைக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா