பஸ் வந்தால்தான் பால்

ஐப்பசி 2, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். ஊரணியில் தண்ணீர் மேல்படி தொட்டுவிட்டது. வீட்டுக்குள் இரண்டு இடத்தில் ஒழுகல். அண்டா ஒன்று, குண்டான் ஒன்று. டொக், டொக்.

மகள் செல்வி தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருக்கிறாள். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். கொச்சையாகப் பேசினால் தப்பும் தவறுமாக எழுதுகிறதாம். "ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுப்பா" என்றாள். சரி, அப்படியே பேசுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவன். இதில் விழுந்த எழுத்தை எனக்கே படிக்கத் தெரியாது. அவள் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நம்புகிறேன்.

காலையில் வி.ஏ.ஓ. தம்பி வந்தார். கையில் பால் பாக்கெட்.

"பெரியவரே, சாவி குடுத்து எவ்வளவு நாளாச்சு? போயி பால் காய்ச்சுங்க. பாலு நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

பொட்டலில் சர்க்கார் கட்டிக் கொடுத்த புது வீட்டின் முன்னால் குடும்பத்தோடு நிற்க வேண்டும். அடுப்பில் பால் பொங்க வேண்டும். அதை போட்டோ எடுத்து மேலே அனுப்பினால் குடி போய்விட்டதாக ஆகிவிடும். பிறகு இந்த ஊரணிக்கரை வீடுகளை ஜேசிபி வைத்துத் தள்ளலாம். நீர்நிலைப் புறம்போக்கு, கோர்ட் உத்தரவு. அந்தத் தம்பியின் தலைக்கு மேலேயும் கத்திதான்.

"நம்ம ஊட்டுப் பாலா இருக்கணும் தம்பி. ஆபீஸ் பாலு பொங்குனா வீடு ஆபீஸாப் போயிரும்" என்றேன்.

பக்கத்து வீட்டு ராசு விழுந்து விழுந்து சிரித்தான். வி.ஏ.ஓ. சிரிக்கவில்லை. பாக்கெட்டை வண்டிக் கவரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புது வீட்டைக் குறை சொல்ல முடியாது. காங்கிரீட் கூரை, கக்கூஸ், குழாய் எல்லாம் உண்டு. ஆனால் அது மெயின் ரோட்டிலிருந்து தைலமரக்காட்டைத் தாண்டி உள்ளே கிடக்கிறது. பஸ் கிடையாது. வழியில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. செல்விக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. மதியம் போனால் ராத்திரிதான் திரும்புவாள். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசலில் நிற்கும் என்னை அவளுக்குத் தெரியும். அங்கே போனால் அந்தக் காட்டுக்குள் தனியாக நடக்க வேண்டும். அவள் புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் யோசிக்கிறாள். அதுதான் பயம்.

ஐப்பசி 3, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். எம்.எல்.ஏ. அம்மா ஆபீசுக்குப் போனேன்.

போகும்போது வாங்க வேண்டியவை: வெற்றிலை, டார்ச் லைட்டுக்கு பேட்டரிக் கட்டை, செல்விக்குத் தலைவலித் தைலம். (தைலம் மறந்துவிட்டேன்.)

"பஸ்ஸும் வெளக்கும் வர்ற வரைக்கும் யாரும் பால் காய்ச்சாதீங்க, நான் பேசுறேன்" என்று போன மாதம் எங்களிடம் சொன்னது இந்த அம்மாதான். ஊரணிக்கரை முழுக்க ஒத்துக்கொண்டோம். அதிகாரிகளுக்கு அவர் மேல் கோபம். ஆனால் வாயால் சொன்னதுதானே? இவருக்கு முன்னே வந்த எம்.எல்.ஏ.க்கள் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. அது ஒரு வியாதி. அங்கே கூட்டத்துக்கு நடுவில் அதை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டேன். ஒருவர் பாலம் கட்டுவேன் என்றார், ஒருவர் ஊரணிக்குப் படிக்கட்டு என்றார், ஒருவர் வந்து இளநீர் மட்டும் குடித்தார்.

அந்த அம்மா முழுக்கக் கேட்டார். "என்னைய என்ன செய்யச் சொல்றீங்க, அய்யா?"

"ஒண்ணும் வேணாம் தாயி. ஒரு நாளு கார அனுப்பிட்டு, எம் மக வர்ற பஸ்ஸுல வந்து எறங்கி, அது கூட பொட்டலுக்கு நடந்து பாருங்க."

அவரோடு எப்போதும் மனு தூக்கிக்கொண்டு திரியும் தங்கராசு குறுக்கே விழுந்தான். "யோவ் பெருசு, அம்மா என்ன ஒன் கொழுந்தியாளா, ஒன் ஊட்டுக்கு நடந்து வர்றதுக்கு?"

"சும்மா இரு தங்கராசு" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "புதன்கெழம வாரேன்."

வீட்டில் செல்வியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஒன்னய யாருப்பா போயி என் பேச்ச அங்க பேசச் சொன்னா? ஊரே சிரிக்கப் போகுது."

ஐப்பசி 5, புதன்

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சொன்னபடி வந்தார். சாதாரண நூல் சேலை. தூறல் விழுந்ததால் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார். செல்வியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஸ்டாப்பில் நான் காத்திருந்தேன். காரைத் தங்கராசு முன்கூட்டியே பொட்டலுக்கு ஓட்டிப் போய்விட்டான்.

இரண்டு பேரும் முன்னே நடந்தார்கள். முழங்கால் வலி, நான் பின்தங்கிவிட்டேன். தைலமரக்காட்டுக்குள் நுழைந்ததும் கண் தெரியவில்லை. வாசம்தான் வழி. முன்னே செல்வியின் குரல் மட்டும் கேட்டது. வேகமாக நடங்கம்மா, நின்னு பேச வேணாம் என்றாள். பழக்கப்பட்டவள் மாதிரி. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. எங்கே பழகினாள்?

பின்னால் ஒரு பைக் சத்தம். இரண்டு பேர். என்னைத் தாண்டும்போது "தாத்தா, ஓரமாப் போ" என்றான் ஒருவன். முன்னே போனதும் வண்டி உருட்டுகிற வேகத்துக்கு இறங்கியது.

"என்னக்கா, நடந்தா கால் வலிக்காது? ஏறுங்க, எறக்கி விடுறோம்."

இரண்டு பேரின் செருப்புச் சத்தமும் வேகமானது.

"ஒராளு முன்னாடி, ஒராளு நடுவுல. எடம் இருக்குக்கா."

சிரிப்பு. வண்டி விலகவில்லை. கூடவே உருண்டது. நான் கத்தினேன். குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது. நடையை ஓட்டமாக்கப் பார்த்தேன், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் அவர்கள் வரை எட்டவில்லை.

அப்போது அங்கே ஒரு வெளிச்சம். அந்த அம்மா போன் லைட்டைத் தன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். முந்தானையை இறக்கிவிட்டார்.

வண்டி சாய்ந்த சத்தம். "ஐயோ, அம்மா... தெரியலம்மா. சத்தியமாத் தெரியலம்மா."

"என்ன தெரியல?"

"நீங்கன்னு தெரியலம்மா."

"தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்ட. அப்ப, தெரியாத பொம்பளைன்னா பேசலாமாடா?"

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் காலில் விழுகிற மாதிரி குனிந்து நின்றார்கள். பேசியவன் தங்கராசுவின் அக்கா மகன். நான் அவன் முகத்தில் டார்ச் அடிப்பதற்கு முன்பே அவன் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மீதி வழியை மூவரும் சேர்ந்தே நடந்தோம். செல்வியின் கையை அந்த அம்மா பிடித்திருந்தார் என்று நினைத்தேன். பொட்டல் வெளிச்சத்தில் பார்த்தால் செல்விதான் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

ஐப்பசி 6, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

நேற்று இரவே அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். கூட இருந்த சாட்சியாக செல்வி வர வேண்டுமாம். காலையில் தங்கராசு வீட்டுக்கே வந்துவிட்டான். திங்கட்கிழமை பேசிய வாயா இது?

"மாமா, சின்னப்பய. வெளாட்டுக்குச் சொல்லிட்டான். கேஸுன்னு ஆனா துபாய்க்குப் போறதுக்குக் குடுத்த பாஸ்போட்டு நின்னு போகும். தங்கச்சிகிட்டச் சொல்லி, சரியாக் கேக்கலன்னு மட்டும்..."

செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒங்க பஸ்ஸு பேப்பர யாரு தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையுறது? நாந்தான. ஞாபகம் வச்சுக்கங்க" என்றான் போகும்போது. குரலில் குழைவு போய்விட்டது.

நான் செல்வியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன்: "பஸ் வந்துரட்டும் ஆத்தா. அதுக்கப்புறம் பாத்துக்கலாம். மன்னிப்புத்தான் கேட்டுட்டான்ல."

"அவங்ககிட்டக் கேட்டான்பா. எங்கிட்டக் கேக்கல."

மதியம் வேலைக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் இறங்கி நடந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாள். பொட்டல் வீட்டைப் பார்க்கப் போய் வந்த இரண்டு தடவையும் இதே வண்டி பின்னால் வந்ததாம். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேலைய விடச் சொல்லுவ."



ஐப்பசி 9, ஞாயிறு

இரண்டு நாளாகப் பேய் மழை. நேற்று ராசு வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. அவன் சம்சாரத்துக்கு ஏற்கெனவே இளைப்பு. ஈரத்தில் மூச்சு விட முடியவில்லை.

இன்று காலை ராசு என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணே, பால் காய்ச்சிட்டேன்."

நான் அண்டாவில் சேர்ந்திருந்த ஒழுகல் தண்ணீரை வாசலில் கொட்டினேன்.

"வேற வழியில்லண்ணே. வி.ஏ.ஓ. பாக்கெட்டுத்தான். சரியாக்கூடப் பொங்கல, போட்டோவுக்காக அடுப்ப ஊதி ஊதிப் பொங்க வச்சாரு."

சிரிப்பு வரும் என்று நினைத்திருப்பான். எனக்கு வரவில்லை. பிறகு அவன் போகும்போது முதுகைப் பார்த்தேன். சட்டை முழுக்கச் சேறு. சுவர் மண். கூப்பிட்டேன். "அவளுக்குக் கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டுக் குடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

மதியம் வி.ஏ.ஓ. வந்து நோட்டீஸ் ஒட்டினார். சனிக்கிழமை ஜேசிபி வருகிறது. "ஒருத்தர் போயிட்டாரு. இனி நீங்கல்லாம் போகலேன்னு நான் மேல சொல்ல முடியாது பெரியவரே. எம்.எல்.ஏ. அம்மா சொன்னாலும் கோர்ட் கேக்காது." அவர் முகமும் தூங்காத முகம்தான்.

தங்கராசு வரவில்லை. பேப்பரை அப்படியே போட்டுவிட்டான் என்று கேள்வி.

ஐப்பசி 11, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

டீக்கடையில் ஒருத்தர் போனில் சட்டசபை காட்டினார். எல்லோரும் முண்டியடித்தோம். பேசும்போது அந்த அம்மா கையில் பேப்பர் எதுவும் இல்லை. தங்கராசு தூக்கிப் போகாத பஸ் மனுவை மெட்ராசுக்கு அவரே தூக்கிப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நினைவில் இருப்பது: "வீடு கொடுத்துவிட்டோம் என்கிறோம். இருட்டிய பிறகு ஒரு பெண் அந்த வீட்டுக்கு நடந்து போக முடியவில்லை என்றால், நாம் கொடுத்தது சுவர்தான்." பிறகு தைலமரக்காடு. பைக். "நான் யார் என்று தெரிந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். என்னோடு நடந்த சகோதரியிடம் கேட்கவில்லை."

எனக்குக் கண்ணை மறைத்தது. டீ ஆவி என்று சொல்லிக்கொண்டேன்.

மந்திரி எழுந்து, பரிசீலிக்கப்படும் என்றார்.

"பரிசீலிக்கப்படும்னா என்னண்ணே?" என்றான் ராசு.

"பால்ல தண்ணி."

இரவு செல்வியிடம் எல்லாம் சொன்னேன். ஒரு தடவை போனில் கேட்டாள். "என் பேரச் சொல்லல. நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஐப்பசி 13, வியாழன்

எம்.எல்.ஏ. அம்மாவே போன் பண்ணினார். நாளையிலிருந்து ராத்திரி டவுன் பஸ் ஒன்று பொட்டல் வரை வந்து திரும்பும். சோதனை ஓட்டம்தான். கூட்டம் இல்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். கம்பம் நட்டாயிற்று, கரண்ட் பிறகு.

"இவ்வளவுதான் அய்யா இப்ப வாங்க முடிஞ்சது. ஜேசிபிய என்னால நிறுத்த முடியல."

எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. "பஸ்ஸு கண்ணுல படட்டும் தாயி" என்றேன். சிரித்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அதனால் ஆம்பிளைகள் ஏறினால்தான் வசூல் தெரியும் என்கிறான் ராசு. தினம் சும்மாவே திருமயம் வரை போய் வருவானாம். பால் காய்ச்சியதற்குப் பரிகாரம்.

ஐப்பசி 14, வெள்ளி

சாமான்களை மதியமே ராசு குட்டியானை வண்டியில் ஏற்றிப் பொட்டலில் இறக்கிவிட்டான். இப்போது பேசுவது புது வீட்டிலிருந்து. ஆனால் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பஸ் வரட்டும். வராவிட்டால் மழையானாலும் திரும்பிப் போய் ஜேசிபி முன்னால் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருந்தேன். ராசு, "நீங்க உக்காருவீங்கண்ணே, தெரியும்" என்றான்.

இருட்டியது. வாசலில் நின்றேன். ஊர் முழுக்க நின்றது. யாரோ, "வராதுய்யா" என்றார்கள். யாரோ அதட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் எத்தனை வருஷம் மூட்டை ஏற்றினவன். காட்டுக்குள் கியர் மாற்றுகிற சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. சொல்லவில்லை. தப்பாக இருந்தால்? பிறகு மரங்களுக்கு நடுவில் வெளிச்சம். மரம் மரமாக வெள்ளையடித்துக்கொண்டு வந்தது.

செல்வி படியில் இறங்கினாள். கையில் பால் பாக்கெட்.

"ஒரு நாள் வந்தா அது பஸ்ஸா? பத்து நாள் ஓடட்டும், பாத்துட்டுக் காய்ச்சுவோம்" என்றேன்.

"பத்து நாள் பால் இருக்காதுப்பா. டீக்குன்னு நெனச்சுக்க."

அடுப்பைக் கிழக்கே பார்த்து வைத்தாள். நான் வாசலிலேயே நின்றேன். டிரைவர் வண்டியைத் திருப்ப இடம் போதாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலடித்தார். கடைசியில் திரும்பியது.

பால் கிழக்கே பொங்கியதைப் பார்த்தாயா என்று செல்வி உள்ளேயிருந்து கேட்டாள். நான் பார்க்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு விளக்கு காட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.