படகோட்டி திரும்பிப் பார்க்கவில்லை

சிட்லபாக்கம்,
9.6.1991

அன்புள்ள சுந்தர்,

பிலாய் வெயில் உன்னை இன்னும் கருக்கிவிடவில்லை என்று நம்புகிறேன். இன்றும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உன் வீட்டில்தான். உன் தங்கை யூனிஸ் மறுபடியும் அந்தக் கார்ட்டூன் படத்தையே வீடியோ டெக்கில் போட்டாள். பட்டம் செய்கிற பெண் ஊரை விட்டுப் போகிறாள். படகோட்டி அவளை அக்கரையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போடுகிறான். காதலா, சிநேகிதமா? ஒரே கூச்சல்.

"இன்னாப்பா, புடிக்கலன்னா அவ செஞ்ச பட்டத்த இன்னாத்துக்கு படகுல கட்டி வச்சிகினு கீறான்?" என்றான் ஜெயவேலு. நானும் அவன் கட்சி. யூனிஸ் உன் விதியைச் சொல்லி எங்களை அடக்கிவிட்டாள்: திரையில் காட்டாதது கணக்கில் சேராது.

நீ இல்லாமல் சண்டையில் உப்பில்லை. பதிலை யூனிஸ் பெயருக்கே போடு. என் அப்பா கையில் கிடைத்தால் வம்பு.

சாமுண்டீஸ்வரி

பிலாய்,
20.6.1991

அன்புள்ள சாமு,

ஹாஸ்டல் சப்பாத்தியைத் தின்றும், கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். ஜெயவேலுவிடம் சொல்: பட்டம் காற்றில் போய்விடக் கூடாதே என்று கட்டினான். விரும்புகிறேன் என்று வாய் திறந்து சொன்னானா? இல்லை. அப்படியானால் சிநேகிதம்தான். உன் கட்சி தோற்றது.

சண்டையை விட்டுவிடாதே. உன் கடிதம் வராத வாரம் எனக்கு நகரவே மாட்டேன் என்கிறது.

சுந்தர்சிங்

சிட்லபாக்கம்,
7.7.1991

அன்புள்ள சுந்தர்,

இது விளையாட்டுக் கடிதம் இல்லை. இன்று காலை மாடம்பாக்கத்திலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஏகநாதன், அரிசி மண்டி வைத்திருக்கிறார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

என் அப்பா என்ன சொல்வார், உங்கள் சபையில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதை நான் சமாளிப்பேன். நீ ஒன்றே ஒன்று சொல். அந்தப் பெண் கரையேறியதும் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாளே, எதற்காக நிற்கிறாள்? போகாதே என்று அவன் சொல்லியிருந்தால் படகில் திரும்ப ஏறியிருப்பாள். அவன் மனசில் என்னதான் இருந்தது? இந்தத் தடவை மட்டும் விதியை மறந்துவிட்டுச் சொல்.

உன் சாமு

பிலாய்,
18.7.1991

அன்புள்ள சாமு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். விதி விதிதான். அவன் அவளுக்குச் சிநேகிதன். நல்ல இடத்துக்குப் போகிறாள் என்று தெரிந்துதான் படகைத் திருப்பினான்.

யூனிஸுக்குத் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் என்னால் வீட்டில் ஒரு பேச்சு வந்தால் அது நின்றுபோகும். உனக்குப் புரியும். அரிசி மண்டி நல்ல தொழில்.

சுந்தர்சிங்

பிலாய்,
2.9.1991

சாமு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. படகோட்டி அவளை விரும்பினான். திரும்பிப் பார்த்திருந்தால் அவனால் துடுப்பைப் போட்டிருக்க முடியாது. அதனால்தான் பார்க்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. உன் கட்சி ஜெயித்தது.

சுந்தர்

சிட்லபாக்கம்,
9.9.1991

சுந்தருக்கு,

வாசலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தபோது யூனிஸ் உன் கடிதத்தைக் கொடுத்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஜூலையில் நீ இதை எழுதியிருந்தால் பிலாய்க்கு ரயில் ஏறியிருப்பேன். இன்று அப்பா பந்தல்காரரிடம் சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிறகு என்னால் முடியாது.

இப்போதுகூட நான் என்று எழுத உனக்குக் கை வரவில்லை. படகோட்டியைத்தான் பேச விடுகிறாய். வா என்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்கிறாய். ஜெயித்து நான் என்ன செய்ய?

திரையில் காட்டாதது கணக்கில் சேராது, சுந்தர். நீ போட்ட விதி. இனி யூனிஸ் பெயருக்கு எனக்காகக் கடிதம் போடாதே. கல்யாணத்துக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ. போகும்போது திரும்பிப் பார்க்காதே. அது உனக்குப் பழக்கம்தான்.

லோ. சாமுண்டீஸ்வரி