இரண்டு தராசும் சரியாம்

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ நோய் நொடி இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்பா சுகமா இல்லையா என்பதே எனக்குப் புரியவில்லையடா.

அவருடைய நுரையீரல் புற்றுநோய் முற்றியது என்பது உனக்குத் தெரியும். அந்தக் கட்டி ரத்தத்தில் விடுகிற ஏதோ ஒரு பொருளை அளக்கிறார்கள், ட்யூமர் மார்க்கர் என்று பெயர். மாத்திரை ஆரம்பித்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதை வைத்துத்தான் போனில் உன்னிடம், "குறைஞ்சிடுச்சு, வேலையைக் கெடுத்துக்கிட்டு ஓடி வராதே" என்று அத்தனை தெம்பாகச் சொன்னார். பொய் இல்லை. ஆனால் அதே வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருக்கிறது, கல்லீரலிலும் புதிதாக ஒன்று தெரிகிறது. அதைச் சொல்லவில்லை, நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

காலமெல்லாம் கடைத் தராசுகளைப் பழுது பார்த்த மனிதர் அல்லவா, "ரெண்டு தராசு ரெண்டு விதமா காட்டினா ஒண்ணு கோளாறுதான்" என்று ஒரே பிடிவாதம். டாக்டரம்மாவிடமே, "அந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க" என்று கேட்டு என் மானத்தை வாங்கிவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை, ரெண்டுமே சரிதான் ஐயா என்றார். கட்டியில் எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்லையாம். அந்தப் பொருளை விடுகிற செல்கள் மருந்துக்கு அடங்கியிருக்கலாம், விடாத செல்கள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம், அதனால் ரத்தத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, மருந்தை மாற்ற வேண்டும் என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உன் அக்கா கேட்டபோது பாதிகூடத் திருப்பிச் சொல்ல வரவில்லை. குறைந்ததும் நிஜம், வளர்ந்ததும் நிஜம் என்றால் நான் சிரிக்கட்டுமா அழட்டுமா? சரி, ஆளைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காலையில் தட்டைக் காலி செய்துவிட்டு, செய்தித்தாளில் வருகிறவர்களையெல்லாம் வைகிறார். சாயங்காலம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு செருப்பு கடிக்கிறது என்கிறார். காலில் செருப்பே இல்லையடா.

நேற்று சாப்பிடும்போது, சின்னவனுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்றார். நீங்கள்தானே வராதே என்றீர்கள் என்றேன். "நான் சொன்னா? நீ வரச்சொல்ல வேண்டியதுதானே" என்று என் மேலேயே பாய்ந்தார். ரத்தமும் ஸ்கேனும் என்ன சொல்கின்றனவோ போகட்டும், இது எனக்குப் புரிகிறது. வாடா கண்ணா.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுக்கும்போது வருவதற்கு மட்டும் எடு, திரும்பிப் போகும் தேதியை இப்போது போடாதே.

உன் அம்மா