பட்டாணி வயலில் ஒரு தோட்டா குறைகிறது

ஜூன் 9, திங்கள்

காட்டுப்புறாக்கள் மறுபடியும் காட்டோரத்துப் பட்டாணி வயலில். விரட்டுவதற்கு வைத்த வெடிச்சத்த இயந்திரத்தைப் பார்க்கப் போனேன். ஒரு புறா அதன் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வெடிக்குச் சற்றுப் பறந்து, திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. வெட்கம் கெட்ட பிறவி.

மத்தியானம் என் வேட்டைத் தோழன் க்ளைவ் போன் செய்தான். பிப்ரவரியில் அவன் பசுக்களுக்கெல்லாம் காசநோய் என்று அதிகாரிகள் லாரியில் ஏற்றிக் கொல்லக் கொண்டுபோன பிறகு, அவனாக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை. “ரோட்டுல இருந்து பாத்தேன். உன் பட்டாணி முழுக்கப் புறா, ஒரே சாம்பல் நிறமா இருக்குடா. சனிக்கிழமை மறைஞ்சு உக்காந்து சுடலாமா?” என்றான். சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எதை வைத்துச் சுடுவான்? அவன் துப்பாக்கி என் இரும்பு அலமாரியில் அல்லவா இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மார்ச்சில் நானே போய் எடுத்துவந்தேன். காலியான பால் கறக்கும் கொட்டகையில், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை அவன் மனைவி லின் பார்த்துவிட்டாள். அவனே அதை எடுத்து என்னிடம் கொடுத்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

இன்று லின்னிடம் பேசினேன். “நேத்து சவரம் பண்ணிக்கிட்டார், நைஜல். டாக்டர்கிட்ட மாசாமாசம் போறார், மாத்திரையும் ஒழுங்காப் போடுறார். வேண்டாம்னு சொன்னா திரும்பவும் படுத்துக்குவார். வேணும்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. நீங்கதான் பாத்துக்கணும்” என்றாள்.

நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எப்படி?

மோரீனிடம் சொன்னேன். “முப்பது வருஷமா ஒரு புதருக்குள்ள ஒண்ணா உக்காந்திருக்கீங்க, உனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தனை ஒருத்தன் கேட்டதுண்டா? அதை முதல்ல கேளு” என்றாள். என் மனைவிக்கு எல்லாம் சுலபம்.

ஜூன் 12, வியாழன்

ஒரு வழி தோன்றியிருக்கிறது. தோட்டாக்கள் என் பையில் இருக்கும், நான்தான் எடுத்துக் கொடுப்பேன். சுட்டு முடித்ததும் தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணுவேன். அதில் அவன் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பட்டாணி வயலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அறுவடை இயந்திரம் பட்டாணியோடு பிளாஸ்டிக் கூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பட்டாணி வாங்கும் தொழிற்சாலைக்காரன் ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும், வயல் மொத்தமும் வேண்டாம் என்று போய்விடுவான். மேட்டுப் பண்ணைக்காரருக்கு அப்படித்தான் ஆனது. நல்ல பட்டாணியை உழுது மண்ணில் புதைத்தார்.

ஆக, நான் எண்ணுவது பட்டாணிக்காக. வேறெதற்கும் இல்லை. கேட்டால் அப்படித்தான் சொல்லப் போகிறேன். கேட்கமாட்டான். அவனுக்குத் தெரியாதா என்ன?

ஜூன் 13, வெள்ளி

மழை வந்தால் தப்பிப்பேன். வானம் பளிச்சென்று இருக்கிறது, சனியன்.

ஜூன் 14, சனி

இப்போதுதான் வந்தேன். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

நாள் நன்றாகத்தான் போனது. அதை முதலில் எழுதிவிட வேண்டும். க்ளைவ் நாய் டெஸ்ஸோடு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அலமாரியைத் திறந்து துப்பாக்கியைக் கொடுத்தேன். வாங்கி, மடித்துத் திறந்து, இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பார்த்தான். “எண்ணெய் போட்டிருக்கியே” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

வேலியோரத்து மரக்கட்டைக்குப் பக்கத்தில் வலையைக் கட்டி மறைப்பு போட்டோம். புறாக்களை ஈர்க்கும் பொய்ப்புறாக்களை அவன்தான் வைத்தான். நான் வைத்தால் அவனுக்குப் பிடிக்காது. “உன்னுது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையா நிக்கிற மாதிரி இருக்கும். புறா பாத்தா சிரிக்கும்டா” என்பான். இன்றும் சொன்னான். அதே பழைய கிண்டல்.

ஒருவர் எழுந்து சுடும்போது மற்றவர் உட்கார வேண்டும், இது எங்கள் வழக்கம். முதல் இரண்டு புறாக்களையும் அடுத்தடுத்து வீழ்த்தினான். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான்தான் கண்ணெதிரே வந்ததைக் கோட்டைவிட்டேன். என் கண் புறா மேலேயா இருந்தது? அவன் கை மேலே இருந்தது. கோட்டுப் பைக்குள் அவன் கை போனபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒருமுறை வந்தது கைக்குட்டை. ஒருமுறை டெஸ்ஸுக்கு பிஸ்கட்.

மத்தியானம் புறா வரத்து நின்றுவிட்டது. அப்போது கவனித்தேன். அவன் துப்பாக்கியை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் வெடிக்காதபடி மடித்துத் திறந்து வைப்பவன் அவன். எனக்கே அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவன். வயலைப் பார்த்துக்கொண்டு, “காலையில பால் கறக்குற நேரம், நாலரைக்கு முழிப்பு வந்துடுதுடா. எழுந்து எங்க போறது?” என்றான்.

மோரீன் கேள் என்றாளே, அதுதான் சமயம். நான் கேட்டது, “டீ குடிக்கிறியா?” தூ. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, கோப்பைக்குக் கை நீட்டினான். பன்றிக்கறி அடைத்த ரொட்டியை ஆளுக்குப் பாதி தின்றோம். சாயங்காலம் மறுபடியும் நிறையப் புறாக்கள் வந்தன.

கடைசியில் நான் செய்த முட்டாள்தனம். துப்பாக்கியை நானே துடைத்து வைக்கிறேன் என்று கை நீட்டினேன். “என் துப்பாக்கியை இன்னொருத்தன் துடைச்சதில்ல. வீட்டுல சுத்தம் பண்ணி காலையில கொண்டுவரேன்” என்றான். அது உண்மைதான். சுட்டவன் அன்றைக்கே தன் கையால் துடைக்க வேண்டும், இங்கே யாரும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. பிடுங்கியா வாங்க முடியும்? விட்டுவிட்டேன். தோட்டாக்கள்தான் என் பையில் இருக்கின்றனவே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது முற்றத்தில் எண்ணினேன். கொண்டுபோனது இரண்டு பெட்டி, ஐம்பது. மிச்சமும் காலிக் கூடுகளும் சேர்த்து நாற்பத்தொன்பது.

திரும்ப எண்ணினேன். நாப்பத்தொம்பது. மோரீனை எண்ணச் சொன்னேன். அதே கணக்கு.

ஒண்ணு வயல்ல விழுந்திருக்கணும். இல்ல அவன் பையில இருக்கணும். கடவுளே, துப்பாக்கியும் அவன்கிட்டதான இருக்கு!

போன் எடுக்கலை. லின் தங்கச்சி வீட்டுல இருக்கா. போறேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அவன் வீட்டில் யாரும் இல்லை, வேனும் இல்லை. பால் கொட்டகைக் கதவைத் திறப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. உள்ளே காலி வரிசைகள் மட்டும். திரும்பி வரும் வழியில் பார்த்தால், என் பட்டாணி வயல் வாசலில் அவன் வேன் நின்றுகொண்டிருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. வேலியோரமாக ஓடினேன். இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

டெஸ் மரக்கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். க்ளைவ் பட்டாணிச் செடிகளுக்கு நடுவில் முழங்காலிட்டு, கொடிகளை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா? ஒரு கூடு குறையுது” என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். “பொறுக்கும்போதே சந்தேகமா இருந்துச்சு. வீட்டுக்குப் போயி ஒவ்வொரு வேட்டா நெனைச்சுப் பாத்தேன். எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு. நிக்காத, குனிஞ்சு தேடு.”

அப்படியே பட்டாணியின் மேல் உட்கார்ந்து அழுதேன். அதை எழுத வெட்கமில்லை.

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “நீ எண்ணுவேன்னு தெரியும்டா. ஒண்ணு குறைஞ்சா என்ன நெனைப்பேன்னும் தெரியும். அதான் ஓடிவந்தேன். நாள் முழுக்க புறாவை விட்டுட்டு என் கையையே பாத்துக்கிட்டிருந்தியே, கழுதை. அந்தக் குறிக்கு உனக்கு ஒரு புறாவாவது விழுமா?”

“போனை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதான?”

“வேன்ல கிடக்கு.”

அப்போதுதான் கேட்டேன். “எப்படி இருக்க, க்ளைவ்?”

“இன்னைக்கு நல்லாருக்கேன்” என்றான். “நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியாது. துப்பாக்கி வேன்ல பூட்டி இருக்கு, நீயே எடுத்துட்டுப் போ. மத்தியானம் என்னமோ தோணுச்சு. நீ டீ வேணுமான்னு கேட்ட. போயிடுச்சு.”

இருவரும் மறுபடி குனிந்து தேடினோம். என் போன் அடித்தது. மோரீன். மறைப்பு வலையை முற்றத்தில் உதறியபோது அதன் கண்ணிகளில் சிக்கியிருந்த காலிக் கூடு கீழே விழுந்ததாம். “ரெண்டு பேருமா பட்டாணியை மிதிச்சு நாசம் பண்ணது போதும், வந்து சாப்பிடுங்க” என்றாள். க்ளைவ் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. லின்னைத் தங்கை வீட்டிலிருந்து வரச் சொன்னேன். வந்தவளிடம் எல்லாவற்றையும் அவனே சொன்னான்.

ஜூன் 16, திங்கள்

லின் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். காத்திருக்கும் அறைவரை நானும் போனேன்.

ஜூலை 5, சனி

பட்டாணி அறுவடை முடிந்தது. தொழிற்சாலை ஒரு லாரியையும் திருப்பி அனுப்பவில்லை. காலையில் நாலரைக்கு முழித்துக்கொள்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அந்த நேரத்து டிராக்டர் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

பார்லி அறுத்த வயலில் க்ளைவும் நானும். நல்ல காற்று, நல்ல வேட்டை. அவன் இப்போது துப்பாக்கியை எங்கள் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, அங்கேயே துடைத்து வைத்துவிட்டுப் போகிறான். வீடெல்லாம் எண்ணெய் நாற்றம் என்று மோரீன் திட்டுகிறாள், அவனுக்கு டீயும் போட்டுக் கொடுக்கிறாள். புறா நெஞ்சுக்கறியைப் பன்றி இறைச்சியோடு வதக்கி மூவரும் சாப்பிட்டோம்.

அவன் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மோரீன், “இன்னைக்கு எத்தனை தோட்டா?” என்று கேட்டாள்.

நான் எண்ணவே இல்லை.