அரக்கன் இல்லாத நாடகம்

என் பிரியமுள்ள மாடசாமி அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்த ஊருக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பத்திரிகைக்காரரிடம் கொடுக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். உன் பேர் அச்சில் வருவதற்கு இதுவும் ஒரு வழியாக இருக்கட்டும்.

சாரல் ஆரம்பித்துவிட்டது அண்ணே. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தென்காசியில் பேசும்படக் கொட்டகை வந்துவிட்டது, நம் நாடகக் கம்பெனியை முதலாளி இழுத்து மூடிவிட்டார். படுதாக்களை வண்டியில் ஏற்றும்போது அவர் குலுங்கிக் குலுங்கி அழுதாராம். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் உன்னிடம் பொய் சொன்னதாகும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடையத்துப் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்து, எங்கள் கம்பெனிக்கு அசுரவேஷம் கட்ட வந்தவன் நீ. நான் அங்கே ஸ்திரீபார்ட், கதாநாயகி வேஷம். கரகம் ஆடியவள் மகள். உனக்கும் எனக்கும் ஒரே நிறம், அட்டக்கருப்பு. ஆனால் வேஷம் கட்டும் கொட்டகையில் என் முகத்தில் அரிதாரமும் ரோஸ் பவுடரும் அப்பி என்னைச் சிவப்பாக்குவார்கள். உன் கருப்பு பத்தாது என்று அதன்மேல் விளக்குக்கரியைப் பூசுவார்கள். நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி பேச்சி, எனக்கே பயமா இருக்கு" என்பாய். நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

எல்லாக் கம்பெனியிலும் அரக்கன் கருப்பு, தேவன் சிவப்பு. வானத்தில் பறக்கிறவன் சிவப்பு, அம்பு பட்டு விழுகிறவன் கருப்பு. கதை எழுதுகிறவர்கள் யாரும் நம் தெருப்பக்கம் வந்ததில்லை, நம் தெருவிலிருந்து யாரையும் எழுதக் கூப்பிட்டதும் இல்லை. பிறகு அவர்கள் கதையில் நாம் எப்படி வானத்துக்குப் போவோம்?

நீ அதற்காகத்தான் 'மேகலோகம்' எழுதினாய். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பொய்த்துப்போன ஒரு ஊர். அங்கே ஒரு கருத்த கூலிக்காரன். மழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே தீருவேன் என்று பனைமட்டையையும் கொல்லன் துருத்தியையும் வைத்துப் பறக்கும் வண்டி கட்டுகிறான். குற்றால மலைக்கு மேலே போய், மேகத்துக்கு மேலே போய், ஒரு நட்சத்திரத்தில் இறங்குகிறான். மழையைத் தேக்கிவைத்திருக்கும் அந்த ஊர் ஜனங்கள் எல்லாரும் அவன் நிறம். "நம்மாளு வந்துட்டான்" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் மண்வெட்டியை வாங்கி ஆகாயத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுகிறான். கீழே கரிசலில் மழை இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, சாபம் இல்லை, அரக்கன் இல்லை. அந்தக் கூலிக்காரனாக நீ நடிக்க வேண்டும், அதுவும் உன் சொந்த முகத்தோடு. வேறு எதையும் நீ கேட்கவில்லை.

முதலாளி கதையைக் கேட்டு மலைத்துத்தான் போனார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"கதை பிரமாதம்லே. ஆனா அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா ஆகாயத்துக்குப் போவே? ஜனம் சிரிக்கும். ராஜபார்ட்டுக்காரர் போகட்டும். கூலிக்காரன வேண்டாம், இளவரசன்னு மாத்திரு. அப்புறம், சண்டை இல்லாம எவன் உக்காருவான்? ஒரு மேகாசுரனப் போடு."

"அசுரன் யாரு முதலாளி?" என்று கேட்டாய்.

"நீ இருக்கையில நான் ஏன் வெளியில ஆள் தேடுதேன்?"

உன் கதையில் இல்லாத அரக்கனை உனக்காகவே கொண்டுவந்தார்கள். அவனுக்கு வசனம் எழுதும் வேலையையும் உன்னிடமே கொடுத்தார்கள். நீ எப்படி எழுதினாய் அண்ணே? பேனாவைத் தூக்கி எறிந்திருந்தால் நானும் உன் பின்னாலேயே வந்திருப்பேன். அப்போது உன்மேல் எனக்குக் கோபம்தான். "வெளிய போனா கதையும் போயிரும் பேச்சி. உள்ள இருந்தா என்னைக்காவது திருத்தலாம்லா" என்றாய்.  

திரை தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் நாடகம் எழுதிய வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், அது கம்பெனி வழக்கம். உன் காலை யார் தொடுவார்கள்? நோட்டீசில் முதலாளி பேர் போட்டிருந்தது, வாத்தியார் இடத்தில் முதலாளி நின்றார். வரிசையில் கடைசி ஆளாக நீயும் வந்து, கரி பூசிய முகத்தோடு, உன் நாடகத்துக்காக அவர் காலில் விழுந்தாய்.  ரோஸ் பவுடர் கலைந்துவிடுமே என்று கண்ணீரை அடக்கிக்கொண்டேன். என்ன பிழைப்பு இது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தென்காசி ஆட்டத்துக்கு உன் ஆத்தா வந்திருந்தாள். மகன் எழுதிய நாடகம், மகன் வானத்துக்குப் போகிற நாடகம் என்று கேள்விப்பட்டு நடந்தே வந்தவள். மாற்றிவிட்டார்கள் என்பதை நீ அவளிடம் சொல்லவில்லை, வாய் வரவில்லை உனக்கு. பின்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். இளவரசனாக வந்த ராஜபார்ட்டுக்காரர் உன் மார்பில் கால் வைத்து மிதித்தபோது கூட்டம் விசில் அடித்தது. ஆட்டம் முடிந்ததும் தட்டுத்தடுமாறிக் கொட்டகைக்குப் பின்பக்கம் வந்தாள். உன் முகத்துக் கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வானத்துக்குப் போவேன்னியே ராசா. உன்ன ஏன் கொன்னுட்டாங்க?"

நீ சிரித்தாய். "அடுத்த வருசம் போவேன் ஆத்தா" என்றாய்.

அடுத்த வருஷம் உனக்கு வரவில்லை. கம்பெனி புளியங்குடியில் முகாம் போட்டிருந்தபோது விஷக்காய்ச்சல் வந்து, நாலைந்து நாளில் போய்விட்டாய். கம்பெனி ஒரு நாள் கூட ஆட்டத்தை நிறுத்தவில்லை. வேறொருவன் கரி பூசிக்கொண்டு மேகாசுரனாக விழுந்தான். நான் சிவப்பு முகத்தோடு இளவரசனுக்கு மாலை போட்டேன்.

அப்புறம் யுத்தம் வந்தது அண்ணே. தென்காசி ஸ்டேஷனில் ஒரு நாள் பட்டாள ரயில் நின்றது. உள்ளே ஆப்பிரிக்காச் சிப்பாய்கள். நம்மை விடக் கருப்பு, நல்ல உயரம். ஒருவன் ஜன்னலில் சாய்ந்து மலைமேல் இறங்கும் மேகத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உன் நட்சத்திரத்து ஜனங்கள் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு ஆள், "ஏலே, மேகலோகத்து அசுரன் அங்கன உக்காந்திருக்கான் பாரு" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் நம் நிறம்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளைப் பிடித்து உலுக்கி, "அந்த அசுரன் கதையிலயே கிடையாது, இடையில கொண்டுவந்து சொருகுனது" என்று சொல்லிவிட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான். ரயில் போய்விட்டது. மேகத்தைப் பார்த்த அந்தப் பையனுக்குள்ளும் ஒரு கதை இருக்காதா? வெள்ளைக்காரன் எழுதுகிற அதிசயக் கதைகளில் அவனுக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்? அவன் ஊரில் அவன் எழுதினால் யார் பேரைப் போடுவார்கள்? உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீ இல்லை.

இப்போது நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். கம்பெனி மூடிய பிறகு வேலை போன நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடகச் செட்டு ஆரம்பித்திருக்கிறோம். குற்றாலத்தில் சீசனுக்குக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு வியாபாரி அண்ணாச்சியிடம் போய் 'மேகலோகம்' போடுகிறோம் என்றேன். முகம் மலர்ந்தது. நீ எழுதியபடியே, உன் பேரோடு போடுகிறோம் என்றேன். முகம் சுருங்கியது.

"அசுரன் இல்லன்னா சப்புன்னு இருக்குமே தாயி. அந்தப் பேரையும் நோட்டீசுல போடணுமா? 'ஒரு அன்பர் எழுதியது'ன்னு போட்டுக்கலாமே."

"அண்ணாச்சி, உங்க கடைப் பலகையில 'ஒரு வியாபாரி கடை'ன்னா போட்டிருக்கீங்க?" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கெட்டவர் இல்லை. "சரி, செவ்வாய்க்கிழமை போட்டுக்கோ. அன்னைக்கு எப்படியும் கூட்டம் வராது. ராஜபார்ட் யாரு?"

"நான்தான்."

"பவுடர நல்லாப் பூசிக்கோ."

"பூச மாட்டேன் அண்ணாச்சி. கூலிக்காரன் கருப்பு, நானும் கருப்பு."

அவர் என் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். வாயில் அப்படித் துணிச்சல் இருந்ததே தவிர, எனக்குப் பயம் அண்ணே. சடங்கான வயதிலிருந்து மேடை ஏறுகிறேன், என் சொந்த முகத்தோடு ஒரு தரம் கூட ஏறியதில்லை. கல்லெறிவார்களோ, எழுந்து போவார்களோ, தெரியவில்லை. நீ செய்ய வேண்டிய வேஷம் இது. நான் கட்டுவது உனக்குச் சம்மதம்தானா என்று கேட்கவும் வழி இல்லை. வசனம் மட்டும் ஒரு வரி மறக்கவில்லை.

நேற்றுக் கடையம் போய் உன் ஆத்தாளைப் பார்த்தேன். கண் பாதிதான் தெரிகிறது. அச்சான நோட்டீசை அவள் கையில் கொடுத்து, உன் பேர் இருக்கிற இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் பாய் போட்டு உட்காரவைக்கிறேன், மாட்டுவண்டி அனுப்புகிறேன் என்றேன். நோட்டீசை மடித்து மடியில் செருகிக்கொண்டு கேட்டாள். 

"இந்தத் தடவையாவது எம்புள்ளையக் கொல்லாம இருப்பீங்களா தாயி?"

கொல்ல மாட்டோம் அண்ணே. அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்ததை உனக்கும் செய்கிறேன். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், செவ்வாய்க்கிழமை நீ வானத்துக்குப் போகிறாய்.

கூடப் பிறக்காமலே உனக்குத் தங்கையான
பேச்சி